மூச்சு வாங்கும் மீன்

விருதுநகர்.

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமா ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. ஓரடி நீளத்துக்கு வளர்ந்துவிட்ட உன் ஆஸ்கர் மீன் இரண்டு நாளாக நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதென்றும், செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றனவென்றும், கடைக்காரர் நீல மருந்து ஒரு புட்டி கொடுத்து உடனே ஊற்றச் சொல்லியிருக்கிறாரென்றும் எழுதி, ஊற்றலாமா கூடாதா என்று இரண்டு வரியில் பதில் கேட்டிருக்கிறாய். ஊற்றாதே. பதில் இவ்வளவுதான், ஆனால் மூச்சு வாங்குவது ஒரு ரோகம் அல்ல, பல ரோகங்களும் ரோகமே அல்லாத பல சங்கடங்களும் வெளியே காட்டுகின்ற ஒரே முகம் என்பதை நீ விளங்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த மாதம் வேறொரு புட்டியோடு இதே கேள்வியைக் கேட்பாய் என்பதனால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலே படிப்பதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடு. இன்னொரு ஏர் மோட்டார் இருந்தால் அதையும் ஓடவிட்டு நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வை. தீனியை அடியோடு நிறுத்து. நன்கு வளர்ந்த ஆஸ்கர் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் அதற்கு ஒன்றும் நேராது, தின்றால்தான் நேரும்.

மீன் சுவாசிப்பது நாம் சுவாசிப்பதைவிட எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை நம்மில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்க, 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் மிஞ்சிப்போனால் 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அந்த அற்பத்தையும் காற்றைவிடப் பன்மடங்கு கனமான ஜலத்தை வாய்வழியே வாங்கிச் செவுள்வழியே தள்ளித்தான் அது சம்பாதிக்க வேண்டும். செவுள் இழைகளில் ரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் அதற்கு எதிர்த்திசையிலும் ஓடும்படி இயற்கை அமைத்திருப்பதனால்தான், கரைந்துள்ள பிராணவாயுவில் பெரும் பங்கை மீனால் பிரித்தெடுக்க முடிகிறது. இத்தனை நுட்பமான அந்த உறுப்பு தோலைப்போலத் தடித்ததல்ல. தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே மிக மெல்லிய ஒரு படலமே நிற்பதால், தண்ணீரில் எந்தக் கெடுதல் வந்தாலும் முதலடி விழுவது செவுளில்தான்.

அந்தப் பிராணவாயு எந்த வடிவில் இருந்தால் மீனுக்கு உதவும் என்பதைப் பட்டாசிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன். வெடியுப்பு என்கின்ற பொட்டாசியம் நைட்ரேட் தன்னுள்ளே பிராணவாயுவை அடக்கி வைத்துக்கொண்டிருப்பதனால்தான் காகிதக் குழலுக்குள்ளே, வெளிக்காற்று நுழையாத இடத்திலும், கந்தகமும் கரியும் எரிகின்றன என்பதை சிவகாசிப் பையனான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1674ஆம் வருஷத்தில் ஆங்கிலேய வைத்தியரான ஜான் மேயோ என்பவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் எரியும் மெழுகுவர்த்தியும் அடைபட்ட பிராணியும் காற்றின் ஒரே அம்சத்தைத்தான் செலவழிக்கின்றன என்று கண்டு, அந்த அம்சமே வெடியுப்பிலும் இருக்கிறதென்று எழுதினார். பிராணவாயு என்று ஒன்றைப் பிரித்துக் காட்டுவதற்கு அதன்பின் நூறு வருஷம் ஆயிற்று. நெருப்புக்கும் சுவாசத்துக்கும் உள்ள இந்த உறவை அறிந்தபின், மீன் தொட்டியின் பழைய தண்ணீரில் தேங்குகின்ற நைட்ரேட்டிலும் பிராணவாயு இருக்கத்தானே செய்கிறது, மீன் ஏன் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உனக்குத் தோன்றலாம். வேறொன்றோடு இறுகப் பிணைந்த பிராணவாயு மீனுக்குப் பயன்படாது. காற்றிலிருந்து மேற்பரப்பு வழியாகத் தண்ணீரில் தனித்துக் கரைந்ததைத்தான் அதனால் எடுக்க முடியும். தொட்டியின் ஆழத்தைவிட அதன் வாய் அகலமே முக்கியம் என்பதும், குமிழிகளைவிட அவை மேற்பரப்பைக் கலக்குவதே முக்கியம் என்பதும் இதனால்தான்.

இனி உன் தொட்டி இருக்கிற பூமியைப் பற்றி. மழை குறைந்து வெயில் மிகுந்து காற்றில் ஈரமற்றுக் கிடக்கும் இந்த வானிலைதான், 1923ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றவும் பின்னால் பட்டாசு செழிக்கவும் துணைநின்றது. அதே வானிலைதான் தொட்டி மீனுக்குச் சத்துரு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும் தண்ணீரில் 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடக் கரையாது. ஆனால் உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் மீனின் சரீரம் கேட்கும் பிராணவாயுவோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறையச் செலவு ஏறும் இந்தச் சங்கடம் சித்திரை வைகாசியில் கண்மாய்களில் வெளிப்படையாகத் தெரியும். வற்றிய கண்மாயில் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும்போது யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு எழுவதுண்டு. பெரிய மீன்கள் முதலில் செத்துச் சின்னவை பிழைத்திருந்தால், அதுவும் விடியுமுன்னே நடந்திருந்தால், இரவெல்லாம் பாசி பிராணவாயுவைச் செலவழித்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விஷமானால் சின்ன மீன்களையும் அது விட்டுவைக்காது. அந்தக் கண்மாயிலேயே விரால் மட்டும் சாவதானமாக இருப்பதைப் பார்க்கலாம். தலைக்குள் காற்றறை ஒன்று வைத்திருக்கும் விராலுக்கு மேலே வந்து காற்றையே விழுங்கிப் போவது சுபாவம்; குறவையும், கடையில் விற்கும் கூராமி வகைகளும் அப்படியே. அவை மேலே வருவதைக் கண்டு வியாதி என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

உன் ஆஸ்கர் அந்த ஜாதி அல்ல. நம் கண்மாய் ஜிலேபிக் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த அது, அமேசான் நதியின் வெள்ளக் காடுகளில் பிராணவாயு மிகக் குறைந்த ஜலத்தில் பிழைத்துப் பழகியது. மூச்சுக்குத் தட்டுப்பாடு வந்தால் சரீரத்தின் மற்ற வேலைகளைச் சுருக்கிக்கொண்டு பொறுத்திருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. வளர்ந்த மீனுக்கு அந்தப் பொறுமை குஞ்சைவிட அதிகமென்றுகூட ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையுள்ள பிராணி வாயைத் திறந்துகொண்டு மேலே நிற்கிறதென்றால், தண்ணீரில் பிராணவாயு குறைந்தது மட்டும் காரணமாயிராது, செவுளோ ரத்தமோ கெட்டிருக்கவும் கூடும் என்று நாம் சந்தேகிக்க வேண்டும். என் முழு ஆராய்ச்சியும் இந்த ஒரு சந்தேகத்தின்மேல்தான் நிற்கிறது.

முதலில், மீனைத் தொடாமல் பார். வலைபோட்டுப் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறவர்களை நம்பாதே. மூச்சுக்குத் தவிக்கும் அவ்வளவு பெரிய மீன் வலையில் துள்ளினால் அந்த உழைப்பிலேயே அதற்கு உயிர்போகலாம். நாற்காலியைப் போட்டு எட்ட உட்கார்ந்து, அது நிதானமாக நிற்கும்போது செவுள் மூடி திறப்பதை ஒரு நிமிஷம் எண்ணு. இத்தனைதான் சரியான எண்ணிக்கை என்று எல்லா மீனுக்கும் பொருந்துவதாக ஒன்றுமில்லை. உன் மீனின் சுகமான நாளின் எண்ணிக்கையே அதற்கு அளவு. அதைக் குறித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்பாய். தேசத்துக்கெல்லாம் தினசரி காலண்டர் அச்சடித்து அனுப்புகிற ஊரில் இருக்கிறாய். இனிமேல் அந்தத் தாளின் ஓரத்திலாவது, தீனிக்கு முன் ஒரே வேளையில் எண்ணி எழுதிவை. தின்ற பின்பும் பயந்த பின்பும் எந்த மீனுக்கும் மூச்சு வேகமாகத்தான் இருக்கும். பக்கத்தில் சரவெடி வெடித்துப் பார்த்த சத்தத்தில் அது மிரண்டிருந்தால் சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். தொட்டியில் கல்லை இடம் மாற்றி வைத்ததற்காகப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு சாவதுபோல நடிப்பதும் ஆஸ்கருக்கு உள்ள குணம். மனிதர்களிடையே இந்தச் சுபாவம் உள்ளவர்களை நீயும் பார்த்திருப்பாய்.

அது எங்கே நிற்கிறது என்பதும் ஒரு சாட்சி. உதட்டை மட்டும் மேற்பரப்பில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தால், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்படலத்தின் பிராணவாயு நிறைந்த நீரை அது உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் நீர் விழும் மூலையிலேயே நின்றாலும் அதேதான். அடியில் ஒடுங்கிக் கிடந்து வேகமாக மூச்சுவிட்டால் விஷத்தையோ உள்வியாதியையோ நினைக்கலாம். தொட்டியில் கூட இருக்கிற மற்ற மீன்களும் தவிக்கின்றனவா, இது ஒன்றுதானா? எல்லாமே தவித்தால் குற்றம் தண்ணீருடையது. ஒன்று மட்டும் தவித்தால் அந்த மீனைத் தனியே விசாரிக்கலாம். ஆனால் உன் தொட்டியில் இருப்பது ஒரே மீன் என்பதனால் இந்தச் சாட்சி உனக்குக் கிடைக்காது; ஆகவே தண்ணீரையே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம்.

நான் உன்னிடம் முதலில் கேட்பது: இது தொடங்கியது குழாயில் தண்ணீர் வந்த நாளா? வெம்பக்கோட்டை அணையிலிருந்தும் மானூர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் உங்களுக்கு வரும் நல்ல தண்ணீரில் கிருமிநாசத்துக்காகக் குளோரின் இருக்கும். வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டுமென்பது விதி. நமக்கு நன்மை செய்யும் அந்தச் சொற்ப அளவே செவுளின் மெல்லிய படலத்தைச் சுட்டுவிடப் போதுமானது. சில நாளுக்கொருமுறை வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் புழங்குவது நம் பக்கத்து வீடுகளின் பழக்கமாகையால், நம்மை அறியாமலேயே குளோரின் பறந்துபோய் மீன்கள் தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் தண்ணீர் வருகிற அன்று ரப்பர்க் குழாயை நேராக மீன் தொட்டிக்குள் விட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு நாள் காற்றோடு வைத்த தண்ணீரையோ, மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ கல்லை அளவோடு கரைத்த தண்ணீரையோதான் ஊற்ற வேண்டும்.

அன்றைக்கு ஊற்றியது போர்த் தண்ணீரென்றால் விசாரணை வேறு. பூமியின் ஆழத்திலிருந்து அப்போதே இறைத்த உப்புத் தண்ணீரில் பெரும்பாலும் பிராணவாயு சொற்பமாகவும் கரியமிலவாயு மிகுதியாகவும் இருக்கும். பார்வைக்குப் பளிங்குபோல இருக்கும் அதைக் காற்றோட்டிப் பழக்காமல் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், மீனை ஜலத்துக்குள்ளேயே மூச்சடைக்கச் செய்ததாகும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக அந்த உப்புத் தண்ணீரையே வாராவாரம் ஊற்றி நிரப்பிக்கொண்டு வந்தால், ஆவியாவது ஜலம் மட்டுமே ஆகையால், உப்பும் காரத்தன்மையும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

காரத்தன்மையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் அம்மோனியா. உன் நாலடித் தொட்டி 250 லிட்டர்கூடக் கொள்ளாது. அதில் கறித்துண்டும் கோழி ஈரலும் தின்று வளரும் ஓரடி மீனின் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகத்தான் முதலில் சேருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றி மீனைக் காப்பாற்றுவது ஃபில்டர்ப் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பல மணி நேரம் மின்சாரம் போயிருந்ததா, அல்லது பஞ்சை நீ குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசினாயா? இரண்டிலும் அந்த நுண்ணுயிர்கள் மாண்டுபோகும், அம்மோனியா ஏறும். கடைக்காரர் கொடுத்த நீல மருந்தும் அவற்றையே கொல்லக் கூடியது. மேலும், அளந்து வருகிற அம்மோனியாவில் விஷம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். எண்தான் தீர்மானிக்கிறது: 30 டிகிரி உஷ்ணத்தில் பி.எச். 7 ஆனால் நூற்றில் ஒரு பங்குகூட விஷவடிவில் இராது, 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு, 8.5 ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுபவஸ்தர்களும் இதில் விழுவதுண்டு. பல மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். மெல்ல மெல்ல 6 வரைக்கும் இறங்கி, அம்மோனியா மிகுந்திருந்தும் விஷமற்ற வடிவில் உறங்கிக்கொண்டிருக்கும். கேன் தண்ணீரையே ஊற்றி வளர்க்கும் வீடுகளில் இது சீக்கிரம் நேரும். திடீரென்று ஞானோதயம் வந்து ஒருநாள் முக்கால் தொட்டியைக் காலி செய்து பி.எச். 8 உள்ள போர்த் தண்ணீரை நிரப்பினால், உறங்கிய அம்மோனியாவில் ஒரு பங்கு விஷமாக விழித்துக்கொள்ளும். மீன் அரைமணியில் மேலே வந்து தவிக்கும். சுத்தம் செய்த அன்றே செத்துப்போயிற்றே என்று வீட்டில் விதியை நோவார்கள். ஆகையால் பி.எச். பாராமல் பெருமளவு தண்ணீர் மாற்றாதே. பி.எச். 7க்கு மேலேயே இருந்து அம்மோனியாவும் மிகுந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு இன்றும், அவ்வளவே நாளையும் மாற்று. பி.எச். 6 என்று வந்தால் பத்தில் ஒரு பங்காகப் பல தடவை மாற்று.

நைட்ரைட்டின் கதை இன்னும் வஞ்சகமானது. அது செவுள்வழியே ரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினை மாற்றிவிடுவதால், லாரி இருந்தும் அதில் வேறு சரக்கு அடைத்துக் கிடப்பதைப்போல, பிராணவாயுவை ஏற்றிச் செல்ல ரத்தத்தில் இடமில்லாமல் போகிறது. தண்ணீரில் பிராணவாயு நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். மீன் உன் பக்கம் திரும்பி வாயும் செவுளும் திறக்கும் சமயத்தில் டார்ச் வெளிச்சத்தை ஒருபுறமாகக் காட்டிப் பார். செவுள் நல்ல சிவப்பாயிருந்தால் நல்லது. காப்பித்தூள் நிறமாயிருந்தால் நைட்ரைட். வெளிறியிருந்தால் ரத்தக் குறைவு. சாம்பல் சளி படிந்து திட்டுத்திட்டாயிருந்தால் சுட்ட காயமோ ஒட்டுண்ணியோ. நைட்ரைட்டென்று தெரிந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தூத்துக்குடிக் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறுகச் சிறுகச் சேர். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும்.

பரிசோதனைப் புட்டிகள் அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை என்று சொல்லி, உஷ்ணமும் 28க்குள் இருந்து, குளோரினுக்கும் வழியில்லையென்றால் மட்டும் மீனின் சொந்த வியாதிக்கு வா. ஒரு செவுளை மூடிக்கொண்டு மறு செவுளால் மட்டும் மூச்சு விடுவது, கல்லில் உடம்பை உரசுவது, இருமுவதுபோல அடிக்கடி வாயால் நீரைக் கக்குவது ஆகியவை செவுள் புழுக்களின் அறிகுறிகள். தீனிக்கென்று உயிரோடு வாங்கிப்போட்ட சின்ன மீன்களோடுதான் அவை பெரும்பாலும் வந்து சேர்கின்றன. நிச்சயம் செய்துகொள்ள நுண்ணோக்கி வேண்டும். 1977லிருந்து தூத்துக்குடியில் நடந்துவரும் மீன்வளக் கல்லூரியில் மீன் நோய்களைப் பற்றி அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம். அவர்கள் சொல்லாமல் ஃபார்மலினை ஊற்றாதே. அது புழுவைக் கொல்லும்போதே தண்ணீரின் பிராணவாயுவையும் குறைத்துவிடும்.

உன் அப்பா பட்டாசு ஆலையிலிருந்து வரும்போது கையிலும் சட்டையிலும் அலுமினியப் பொடி மின்னுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கையால் தீனி போடுவதோ தொட்டிக்குள் கைவிடுவதோ வேண்டாம். ஏர் மோட்டார் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது என்பதனால், ஆலைத் துணிகளைத் தொங்கவிடும் மூலையிலோ தீபாவளிப் புகை நுழையும் ஜன்னலோரத்திலோ அதை வைக்கவும் வேண்டாம்.

தொட்டியின் உஷ்ணம், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் ஆகிய நான்கு எண்களையும், கடைசியாக எந்தத் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாய் என்பதையும் எனக்கு எழுது. மற்றொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தடவை அது பிழைத்துக்கொண்டாலும் நாலடித் தொட்டி அதற்குப் போதாது. ஆறடித் தொட்டி வாங்க இயலாவிட்டால், பெரிய தொட்டி உள்ள ஒருவரிடம் கொடுத்துவிடு. பாவமென்று எண்ணிக் கண்மாயிலோ வெம்பக்கோட்டை அணையிலோ விட்டுவிடாதே. 1952ல் வெளிதேசத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதன் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடப் பசியுள்ள இன்னொன்றைத் தாங்க நம் அயிரைக்கும் கெண்டைக்கும் சக்தியில்லை.

இப்படிக்கு,
உன் மாமா.